காற்றுக்கும் ஒரு குடிமராமத்து

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பொதுநலம் சார்ந்த ஒரு பொருளை ஆண்டுதோறும் ஒருவர் எடுத்துப் பேச வேண்டும் என்பது இந்த அறக்கட்டளையை நிறுவியவர்களின் விருப்பம். சாலை, குடிநீர், நூலகம், பள்ளிக்கூடம் என்று நாம் வழக்கமாகச் சொல்லும் பட்டியலில் இணைய இணைப்பையும் சேர்த்தாக வேண்டிய காலம் இது. அரசு தரும் இணைப்பைப் பற்றியும் நிறுவனங்கள் விற்கும் இணைப்பைப் பற்றியும் பேசப் பலர் இருக்கிறார்கள். மூன்றாவதாக ஒரு வழி உண்டு. ஊர் மக்களே கூடி, தங்கள் வீட்டு மாடிகளில் ஆண்டெனா நட்டு, தாங்களே உடைமைக்காரர்களாக இருந்து நடத்தும் கம்பியில்லா வலை அது. இன்று அதைப் பற்றிப் பேச நிற்கிறேன்.

நான் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓர் ஊருக்குச் சிக்னல் போய்ச் சேர்வது பாதி வேலைதான். அந்த வலை யாருடையது, பழுதானால் ஏணி வைத்து ஏறப்போவது யார் என்பதில்தான் மீதிப் பாதி இருக்கிறது. இந்த மீதிப் பாதியைக் கவனித்த இடங்களில் வலைகள் நிலைத்திருக்கின்றன. கவனிக்காத இடங்களில் கருவிகள் தூசி படிந்து கிடக்கின்றன.

இடைவெளி எங்கே இருக்கிறது?

பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 2024-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி உலகில் 260 கோடிப் பேர் இணையத்துக்கு வெளியே இருந்தார்கள். இவர்கள் எல்லோரும் காட்டிலும் மலையிலும் வசிப்பவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. செல்பேசிக் கோபுரத்தின் சிக்னல் எட்டும் ஊர்களில்தான் இவர்களில் பெரும்பாலோர் வாழ்கிறார்கள். சிக்னல் இருக்கிறது. ஆனால் கருவி இல்லை, ரீசார்ஜுக்குப் பணம் இல்லை, சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. வீட்டில் இருக்கிற ஒரே போனும் வேலைக்குப் போகிறவரின் சட்டைப்பையில் போய்விடுகிறது.

நம் நாட்டுக் கணக்கைப் பார்ப்போம். 2017-18-இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 75-ஆவது சுற்றில், ஊரகக் குடும்பங்களில் 14.9 விழுக்காட்டினருக்கும் நகர்ப்புறக் குடும்பங்களில் 42 விழுக்காட்டினருக்கும்தான் இணைய வசதி இருந்தது. அதன் பிறகு டேட்டா விலை மேலும் சரிந்தது, ஸ்மார்ட்போன்கள் பெருகின. ஆனால் 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு வேறொரு பள்ளத்தைக் காட்டியது. எப்போதாவது ஒருமுறையேனும் இணையத்தைப் பயன்படுத்தியிருந்தவர்கள் ஆண்களில் 57.1 விழுக்காடு, பெண்களில் 33.3 விழுக்காடு. கல்வியில் முன்னே நிற்கும் நம் தமிழ்நாட்டிலும் ஆண்கள் 70.2, பெண்கள் 46.9. ஒரே வீட்டுக் கூரையின் கீழ், ஒரே கோபுரத்தின் சிக்னலுக்குள், அண்ணனுக்குக் கிடைத்தது தங்கைக்குக் கிடைக்கவில்லை.

கொரோனா காலத்தில் இது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கல்வித் தொலைக்காட்சி வழியாகப் பாடம் நடத்த வேண்டியிருந்தது. இணையவழி வகுப்பை மட்டும் நம்பினால் பாதிப் பிள்ளைகள் வெளியே நின்றுவிடுவார்கள் என்பது அரசுக்கே தெரிந்திருந்தது. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் நாளுக்கு ஒன்றரை ஜிபி டேட்டாவோடு ஒரே ஒரு போன் இருந்தால், யார் வகுப்பில் உட்காருவது, யார் விட்டுக்கொடுப்பது? விட்டுக்கொடுத்தது பெரும்பாலும் யார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

தனித்தனிப் போனுக்குத் தனித்தனியாக விற்கப்படும் டேட்டா இந்தப் பள்ளத்தை மூடாது. வீட்டுக்கு, தெருவுக்கு, பள்ளிக்கு, நூலகத்துக்கு என்று பொதுவாக வரும் இணைப்பு வேண்டும். அதை ஊரே நடத்த முடியுமா என்றால், நடத்திக் காட்டியிருக்கிறார்கள்.

பண்ணை வீடுகளின் வலை

ஸ்பெயினின் வடகிழக்கில் கட்டலோனியா இருக்கிறது. அதற்குள் ஓசோனா என்ற வட்டாரம் வயல்களும் பன்றிப் பண்ணைகளும் நிறைந்த பூமி. வீடுகள் நெருங்கி அமைந்த ஊர்கள் குறைவு, ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிப் பண்ணை வீடுகள் நிற்கும். இப்படிப்பட்ட இடத்துக்குக் கேபிள் இழுத்தால் செலவுதான் மிஞ்சும் என்று தொலைத்தொடர்பு நிறுவனங்கள் ஒதுங்கிக்கொண்டன. அங்கே குர்ப் என்ற சிற்றூரைச் சேர்ந்த ராமோன் ரோகா, கணினித் துறையில் பணியாற்றியவர். 2004-இல் சாதாரண வைஃபை கருவிகளையும் வெளிப்புற ஆண்டெனாவையும் கொண்டு தன் வட்டாரத்துக்குள் இணைப்பைக் கொண்டுவந்தார். வழியில் இருந்த வீட்டுக்காரர்கள் தங்களுக்கும் வேண்டும் என்றார்கள். ஒவ்வொருவரும் தம் கூரையில் ஆண்டெனா வைத்தபோது, அடுத்த வீட்டுக்கு அது ஒரு படியாயிற்று. கிஃபி நெட் என்று பெயர்பெற்ற அந்த வலை இன்று 30,000-க்கும் மேற்பட்ட முனைகளோடு உலகின் மிகப் பெரிய சமூக வலைகளுள் ஒன்றாக நிற்கிறது. 2015-இல் ஐரோப்பிய ஆணையத்தின் அகலக்கற்றை விருது அதற்குக் கிடைத்தது.

இதன் உயிர்நிலை கருவிகளில் இல்லை, ஓர் ஒப்பந்தத்தில் இருக்கிறது. வலையில் சேர்கிற ஒவ்வொருவரும் ஒரே பத்திரத்துக்கு உடன்படுகிறார்கள். மற்றவருக்கு இடையூறு செய்யாமல் வலையை எதற்கும் பயன்படுத்தலாம். அது எப்படி இயங்குகிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை எல்லோருக்கும் உண்டு. யாரும் சேரலாம், இதே நிபந்தனைகளோடு மேலும் நீட்டலாம். ஒருவர் வீட்டுத் தரவு என் கூரை வழியாகப் போனால் நான் தடுக்கக் கூடாது. என் தரவு அவர் கூரை வழியாகப் போகும்போது அவரும் தடுக்க மாட்டார். 2008-இல் இந்த ஒப்பந்தத்தைக் காக்க ஓர் அறக்கட்டளை நிறுவினார்கள். அடுத்த ஆண்டே பண்ணைக்காரர்கள் கூடித் தங்கள் நிலங்களின் வழியே ஃபைபர் இழுக்கவும் தொடங்கினார்கள். ஆண்டெனாவில் தொடங்கிய வலை, காசும் துணிவும் சேர்ந்தபோது கண்ணாடி இழைக்கு மாறியது.

இதற்கெல்லாம் பணம் யார் தருகிறார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். தன் வீட்டுக் கருவியின் விலையை வீட்டுக்காரர் தருகிறார். பொதுக் கோபுரங்களுக்குப் பலர் கூடிப் பங்கு போடுகிறார்கள், சில இடங்களில் நகராட்சி தருகிறது. இந்த வலையின் மேல் இணைய சேவை விற்றுச் சம்பாதிக்கும் சிறு நிறுவனங்களும் உண்டு, அதற்குத் தடையில்லை. ஆனால் யார் எவ்வளவு பயன்படுத்தினார்கள், யார் எவ்வளவு முதலீடும் பராமரிப்பும் செய்தார்கள் என்று கணக்குப் பார்த்து, அதிகம் எடுத்தவர் அதிகம் தர வேண்டும். சம்பாதிக்கலாம், வலையைச் சொந்தமாக்கிக்கொள்ள முடியாது. வணிகத்தையும் பொதுவுடைமையையும் ஒரே கூரையில் வாழவைக்கும் இந்த ஏற்பாடுதான் கிஃபி நெட்டின் பெரிய சாதனை என்பேன்.

இரண்டு மாடிகள், ஓர் இணைப்பு

இந்த வேலை எவ்வளவு எளியது, எங்கே கடினம் என்பதை மாணவர்கள் அறிய வேண்டும். அதனால் ஓர் இணைப்பு உருவாகும் விதத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம்.

மொட்டை மாடிச் சுவரில் கிளாம்ப் போட்டு ஓர் இரும்புக் குழாயை இறுக்குகிறார்கள். உச்சியில் ஆண்டெனா. வீட்டுக்குள்ளிருந்து ஒரே ஒரு நெட்வொர்க் கேபிள் மேலே போகிறது, தரவும் மின்சாரமும் அதே கேபிளில்தான் போகின்றன. கேபிள் சுவருக்குள் நுழையுமுன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டுக் கட்ட வேண்டும். இல்லையென்றால் மழைநீர் கேபிளைப் பிடித்துக்கொண்டே இறங்கி நேராக ரவுட்டருக்குள் போய்விடும். சில நூறு ரூபாய்க் கேபிளில் ஒரு சாண் மிச்சம் பிடித்தவர்கள் முதல் மழையிலேயே முழுக் கருவியையும் இழந்திருக்கிறார்கள்.

அடுத்தது திசை பார்க்கும் வேலை. மூன்று, நான்கு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு மாடியில் இன்னொருவர் நிற்கிறார். இருவர் கையிலும் போன். ஒருவர் ஆண்டெனாவைக் கைவிரல் அளவுக்கு நகர்த்துவார், மற்றவர் திரையில் எண்ணைப் படிப்பார். கழித்தல் 84, 79, 71. எண் பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சிக்னல் வலுக்கிறது. 66 வந்தவுடன் போல்ட்டை முறுக்கிவிடக் கூடாது. ஆண்டெனாவுக்கு முதன்மைக் கற்றையோடு பக்கவாட்டிலும் சிறு கற்றைகள் உண்டு, நீங்கள் பிடித்தது அவற்றுள் ஒன்றாக இருக்கலாம். அதனால் இன்னும் தாண்டிப் போய், எண் விழுவதைப் பார்த்து, மறுபடி உச்சத்துக்குத் திரும்பி வந்துதான் இறுக்க வேண்டும்.

இரண்டு மாடிகளும் ஒன்றையொன்று கண்ணால் பார்க்க முடிந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை ஐந்து கிலோமீட்டர் போகும்போது, நடுவழியில் அதற்கு ஏறத்தாழ 12 மீட்டர் ஆரமுள்ள இடம் தேவை. அந்த இடத்தில் பெரும்பகுதியாவது காலியாக இருக்க வேண்டும். கண் கோட்டுக்குக் கீழே நிற்கும் மரத்தின் தலையும் அலையைத் தின்னும். இலையில் இருக்கும் நீர்தான் காரணம், மழையில் நனைந்த மரம் இன்னும் அதிகமாகத் தின்னும். ஐரோப்பாவில் இலையுதிர் காலத்தில் போட்ட இணைப்பு வசந்தத்தில் மரங்கள் துளிர்த்ததும் படுத்துவிடுவது உண்டு.

இதில் பெரிய கணிதம் எதுவும் இல்லை. பத்தாம் வகுப்பு படித்த பெண்ணோ இளைஞனோ சில வாரங்களில் கற்றுக்கொள்ளலாம். ஆனால் மரம் வளரும், காற்று குழாயைத் திருப்பும், இடி இறங்கும். மாதம் ஒருமுறையாவது யாரோ மாடிக்கு ஏற வேண்டும். அந்த யாரோ ஊர்க்காரராக இருந்தால் மாலைக்குள் வேலை முடியும். நகரத்திலிருந்து வர வேண்டியவராக இருந்தால் அடுத்த மாதம் ஆகும், அதற்குள் மக்கள் அந்த வலையை மறந்துவிடுவார்கள்.

வாய்க்கால் தந்த பாடம்

பொதுச் சொத்து என்றாலே எல்லோரும் எடுத்துக்கொண்டு யாரும் பராமரிக்காமல் பாழாகும் என்ற கருத்து நீண்ட காலம் கோலோச்சியது. அதை உடைத்தவர்களுள் முதன்மையானவர் எலினோர் ஆஸ்ட்ரம். 1990-இல் அவர் வெளியிட்ட நூல் உலகெங்கும் மக்கள் தாமே நடத்திய பாசனங்கள், மேய்ச்சல் நிலங்கள், மீன்பிடி உரிமைகளை ஆராய்ந்தது. 2009-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர். அவர் ஆராய்ந்தவற்றுள் ஒன்று ஸ்பெயினின் வலென்சியா சமவெளிப் பாசனம். அங்கே இன்றும் வியாழக்கிழமை நண்பகலில் தலைமைத் தேவாலய வாசலில் தண்ணீர் நீதிமன்றம் கூடுகிறது. விவசாயிகளே நீதிபதிகள். வாய்மொழியாக வழக்கு, அங்கேயே தீர்ப்பு.

ஆஸ்ட்ரம் கண்ட விதிகள் எளியவை. யார் உறுப்பினர் என்பது தெளிவாக இருக்க வேண்டும். எடுப்பதற்கும் கொடுப்பதற்கும் பொருத்தம் இருக்க வேண்டும். விதியைக் கடைப்பிடிப்பவர்களுக்கு அதை மாற்றவும் குரல் வேண்டும். கண்காணிப்பவர் ஊருக்குப் பதில் சொல்பவராக இருக்க வேண்டும். தகராறைத் தீர்க்க அருகிலேயே ஓர் இடம் வேண்டும். கிஃபி நெட்டை ஆராய்ந்த அறிஞர்கள் அதன் கட்டமைப்பை இந்த விதிகளைக் கொண்டே விளக்கியிருக்கிறார்கள். தண்ணீரைப் பங்கிடப் பழகிய அறிவு, அலைவரிசையைப் பங்கிடவும் உதவியிருக்கிறது.

இது நமக்குப் புதிய அறிவா? நம் ஏரிகளில் மடை திறக்க நீர்க்கட்டி இருந்தார். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்று முறை இருந்தது. கோடையில் வீட்டுக்கு ஓர் ஆள் வந்து வாய்க்காலைத் தூர்வாரினார்கள், அதுவே குடிமராமத்து. வெள்ளையர் அரசு 1858-இல் அதைச் சட்டம் போட்டுக் கட்டாயமாக்கப் பார்த்தது. ஏரியின் மீதான அதிகாரம் ஊரிடமிருந்து துறைக்குப் போகப் போக, ஊருக்கு அந்த ஏரியின் மேலிருந்த அக்கறையும் போயிற்று. சட்டத்தால் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியவில்லை. உரிமை இல்லாத இடத்தில் உழைப்பை மட்டும் கேட்டால் வராது என்பதே அந்த வரலாறு சொல்லும் செய்தி. குடிமராமத்தில் சாதிக் கொடுமையும் உண்டு, கீழ்மடைக்காரனுக்கு அநீதியும் உண்டு. அவற்றை விலக்கி, பொறுப்பைப் பங்கிடும் அந்த அறிவை மட்டும் காற்றலைக்கும் நாம் கொண்டுவர வேண்டும்.

வேறு மண்ணில், வேறு வழிகளில்

ஜெர்மனியில் ஃப்ரைஃபுங்க் இயக்கம் 2000-களின் தொடக்கத்தில் பெர்லினில் வேர்விட்டது. அங்கே தேவாலயக் கோபுரங்களின் உச்சியிலும் ஆண்டெனா வைத்தார்கள். பக்கத்து ரவுட்டரைத் தானே கண்டுகொண்டு வழிதேடும் மென்பொருளை அந்த ஆர்வலர்களே எழுதினார்கள். பேட்மேன் என்று அழைக்கப்படும் அதன் ஒரு வடிவம் 2011-இல் லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலுக்குள்ளேயே சேர்க்கப்பட்டது. அவர்களுக்கு வந்த சோதனை சட்டத்திலிருந்து வந்தது. திறந்த வைஃபை வழியாக வழிப்போக்கர் ஒருவர் செய்த பதிப்புரிமை மீறலுக்கு வைஃபைக்காரரைப் பொறுப்பாக்கலாம் என்று 2010-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாடியைத் திறந்துவைத்தவர்கள் அஞ்சினார்கள், ஆனாலும் வலையை மூடவில்லை. 2015-இல் அகதிகள் ஆயிரக்கணக்கில் வந்தபோது அவர்கள் தங்கிய முகாம்களுக்கு இணைப்பு கொடுத்தவர்கள் இந்தத் தன்னார்வலர்கள். 2017-இல் சட்டம் திருத்தப்பட்டு அந்தப் பொறுப்பு நீங்கியது.

நேபாளத்தின் மியாக்தி மாவட்டத்தில் நாங்கி என்ற மலையூர். அன்று சாலை எட்டாத இடம். ஆசிரியர் மகாபீர் புன், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், வெளிநாட்டுத் தன்னார்வலர்களின் துணையோடு மரத்தின் மேல் ஆண்டெனா கட்டிப் பல மலையூர்களைப் பொக்காராவோடு இணைத்தார். சூரிய ஒளிதான் மின்சாரம். பள்ளிகள் ஆசிரியரைப் பகிர்ந்துகொண்டன, நோயாளிகள் நகர மருத்துவரிடம் பேசினார்கள். 2007-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது.

மெக்சிகோவின் ஓகாகா மாநிலத்தில் தலேயா தே காஸ்த்ரோ என்ற பூர்வகுடி ஊர், செல்பேசி நிறுவனங்கள் வர மறுத்ததால் 2013-இல் தானே செல்பேசி வலையை நிறுவிக்கொண்டது. அதன் வழியில் வந்த ஊர்கள் சேர்ந்து அமைத்த சங்கத்துக்கு 2016-இல் அந்நாட்டு அரசு பூர்வகுடிச் சமூகப் பயன்பாட்டுக்கென்று தனி உரிமமே வழங்கியது. தென்னாப்பிரிக்காவின் மான்கோசியில் ஊர் மக்கள் 2014-இல் கூட்டுறவுச் சங்கமாகப் பதிவு செய்துகொண்டார்கள். வெஸ்டர்ன் கேப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் துணை நின்றார்கள். ஆண்டெனாவுக்குப் போட்ட சூரியத் தகட்டில் மிஞ்சிய மின்சாரத்தைக் கொண்டு போன்களுக்குச் சார்ஜ் ஏற்றிக் கொடுத்தார்கள். அந்தச் சிறு வரும்படி வலைக்கு உதவியது.

நாடுகள் வேறு, கருவிகள் வேறு. ஊர்ப் பேரவையோ சங்கமோ தன்னார்வலர் குழுவோ, பொறுப்பேற்க உள்ளூரில் ஓர் அமைப்பு இருந்தது மட்டும் எல்லா இடத்திலும் பொது.

நம் மண்ணில் நடந்தவை

நம் பக்கத்திலேயே 1998-இல் புதுச்சேரிக் கிராமங்களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர் நடு மையம், அங்கிருந்து சுற்றுவட்டார ஊர்களுக்குக் கம்பியில்லாத் தொடர்பு. இடத்தை ஊர் தர வேண்டும், அது தலித் மக்கள் உள்பட எல்லோரும் தடையின்றி வந்துபோகும் பொதுவிடமாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். எம்பலத்தில் கோயில் இடத்தில் மையம் நடந்தது, பெண்கள் நடத்தினார்கள். மீனவர் ஊரான வீராம்பட்டினத்தில் கடல் அலையின் உயரம் பற்றிய முன்னறிவிப்பை இணையத்திலிருந்து எடுத்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். நம் தெருவில் எல்லோரிடமும் கணினி இல்லை, எல்லோருக்கும் காது உண்டு. அதை உணர்ந்து செய்த ஏற்பாடு அது.

அதன் அருமை 2004 டிசம்பர் 26 அன்று தெரிந்தது. அந்த ஊர்களுள் ஒன்றான நல்லவாடைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஆழிப்பேரலைச் செய்தியைக் கேட்டதும் ஊருக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். ஊரார் தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்து எல்லோரையும் கரையிலிருந்து விரட்டினார்கள். வீடுகளும் படகுகளும் போயின, மக்கள் பிழைத்தார்கள். அந்த ஒலிபெருக்கி எங்கே இருக்கிறது, எப்படி இயக்குவது என்று ஊராருக்குத் தெரிந்திருந்தது. அவர்களுடையது என்பதால் தெரிந்திருந்தது.

இன்னொன்று தேனி. அரவிந்த் கண் மருத்துவமனையும் பெர்க்லி கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து, தேனி மருத்துவமனையைச் சுற்றுவட்டாரக் கண் மையங்களோடு நெடுந்தூர வைஃபை மூலம் இணைத்தார்கள். இது சமூக வலை அன்று, மருத்துவமனையின் வலை. ஆனால் இதே கருவிகள், இதே உரிமமற்ற அலைவரிசை. சிறு ஊரில் பயிற்சி பெற்ற பணியாளர் நோயாளியின் கண்ணைப் பரிசோதிக்கிறார். தேனியில் இருக்கும் மருத்துவர் திரையில் நோயாளியைப் பார்த்துச் சில நிமிடங்கள் பேசி, கண்ணாடி போதுமா, அறுவை வேண்டுமா என்று சொல்லிவிடுகிறார். கண் மங்கிய பாட்டி ஒருநாள் கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் இழக்க வேண்டியதில்லை, துணைக்கு வரும் பேத்தி பள்ளியை விட வேண்டியதில்லை.

அந்த ஆய்வாளர்கள் வைஃபையின் விதிகளை நெடுந்தூரத்துக்கு ஏற்ப மாற்றி, இரண்டு முதல் ஐந்து மடங்கு வரை வேகத்தைக் கூட்டினார்கள். ஆனால் 2008-இல் அவர்கள் எழுதிய கட்டுரையில் அதைவிடப் பெரிய பாடம் ஒன்று இருக்கிறது. அவர்கள் சந்தித்த கோளாறுகளில் பெரும்பங்குக்குக் காரணம் அலைவரிசை இல்லை, மின்சாரம். இந்தியக் கிராமங்களில் அளந்தபோது 230 வோல்ட்டில் வர வேண்டியது சில வேளை 350-க்கு மேல் ஏறியது, சில வேளை 100-க்கும் கீழே இறங்கியது. ரவுட்டர் செத்தும் சாகாமலும் உறைந்து நின்றுவிடும். யாராவது போய் அணைத்துப் போட வேண்டும். அதை உள்ளூர்ப் பணியாளர்களுக்குக் கற்றுக்கொடுத்த பிறகே வலை நிலைத்தது.

காற்று யாருடையது?

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1995 பிப்ரவரியில், வங்காளக் கிரிக்கெட் சங்க வழக்கில், அலைவரிசைகள் பொதுச் சொத்து என்று இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பின் ஒளியில்தான் சமுதாய வானொலி பிறந்தது. 2004-இல் சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். ஒலிக்கத் தொடங்கி நாட்டுக்கே முன்னோடியாயிற்று. 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் அந்த வாய்ப்பு திறந்தது.

2005-இல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையையும், 2018-இல் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பெரும்பகுதியையும் உரிமம் இன்றிப் பயன்படுத்த இந்திய அரசு அனுமதித்தது. ஆனால் அலையை வீசுவதற்குத்தான் உரிமம் தேவையில்லை. வாங்கிய இணையத்தைப் பக்கத்து வீட்டுக்குப் பகிர்ந்து கட்டணம் வாங்கினால் சேவை நிறுவன உரிமம் கேட்கப்பட்டது. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஏற்ற பி.எம்-வானி திட்டம் இந்தக் கதவைப் பாதி திறந்தது. தேநீர்க் கடைக்காரரும் பெட்டிக்கடைக்காரரும் உரிமமோ பதிவோ கட்டணமோ இன்றிப் பொது வைஃபை நடத்தலாம். ஆனால் அது கடைக்காரருக்கு வகுத்த வழி. ஊரே சேர்ந்து இலாப நோக்கின்றி நடத்தும் வலைக்கு, சமுதாய வானொலிக்கு இருப்பதுபோலத் தனி வகை உரிமம் வேண்டும். ஓகாகாவில் கொடுக்க முடிந்தது, நம்மால் ஏன் முடியாது?

செய்ய வேண்டியவை

தமிழ்நாட்டில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. பாரத்நெட் திட்டத்தில் ஊராட்சி அலுவலகம் வரை ஃபைபர் கொண்டுபோக டான்ஃபிநெட் நிறுவனம் அமைக்கப்பட்டிருக்கிறது. ஊராட்சி அலுவலகத்திலிருந்து குக்கிராமத்துக்கும், ஊரிலிருந்து சேரிக்கும், மலையடிவாரத்திலிருந்து மலைமேலுக்கும் உள்ள கடைசி மூன்று கிலோமீட்டர்தான் கேள்வி. அங்கேதான் மக்கள் வலை பொருந்தும்.

அந்தப் பொறுப்பை மகளிர் சுய உதவிக் குழுக்களிடம் கொடுக்கலாம் என்பது என் முதல் வேண்டுகோள். கணக்கு எழுதவும் கடன் திருப்பவும் கூட்டம் போடவும் பழகிய அமைப்பு அது. பெண்கள் சாவி வைத்திருக்கும் அறைக்குள் பெண் பிள்ளைகள் தயங்காமல் வருவார்கள். மேலே சொன்ன, தமிழ்நாட்டுப் பெண்களின் 46.9 விழுக்காட்டை உயர்த்த இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஆளுக்கு ஒரு குக்கிராமத்தை எடுத்துக்கொண்டு, உள்ளூர் இளைஞர் இருவருக்கு ஆண்டெனா வேலையைக் கற்றுக்கொடுத்துவிட்டு வர வேண்டும் என்பது அடுத்தது. நீங்களே நட்டுவிட்டு வந்தால் படிப்பு முடிந்ததும் வலையும் முடிந்துபோகும்.

மூன்றாவதாக, ஊர் வலைக்குள் ஊரின் தேவைகளை வையுங்கள். பள்ளிப் பாடக் காணொலிகளையும், கிவிக்ஸ் போன்ற மென்பொருள் வழியே தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஒரு சிறிய கணினியில் ஏற்றி ஊராட்சி அறையில் வைத்தால், வெளி இணைப்பு அறுந்த நாளிலும் பிள்ளைகள் படிக்கலாம். அதற்கு டேட்டா கட்டணமும் இல்லை.

இடர்கள் உண்டு. தன்னார்வலர்கள் சில ஆண்டுகளில் களைத்துப்போவார்கள், எனவே மாடி ஏறுபவருக்குக் கூலி கொடுத்தே ஆக வேண்டும். வசதி படைத்தவர் மாடியில் முதல் ஆண்டெனா நின்றால் வலையே அவருடையதாகிவிடும் ஆபத்து உண்டு. பொதுக் கட்டடத்தில் நட வேண்டும் என்று புதுச்சேரியில் வைத்த நிபந்தனையை நாமும் வைக்க வேண்டும். டேட்டா மலிவாகிவிட்டதே, இனி எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. இன்று விற்பவர் குறைத்த விலையை நாளை விற்பவரே ஏற்றுவார். ஊருக்குச் சொந்தமான வலையின் விலையை ஊர்தான் முடிவு செய்யும்.

நண்பர்களே, ஒரு வலையைத் தொடங்க நினைக்கும் ஊர் கருவி வாங்கக் கடைக்குப் போகுமுன் மூன்று கேள்விகளோடு கூட்டம் போட வேண்டும். மாதந்தோறும் வரும் செலவை எப்படிப் பங்கிடப் போகிறோம்? பழுதானால் ஏறப்போவது யார், அவருக்குக் கூலி எங்கிருந்து வரும்? ஊரில் எந்த வீட்டுப் பிள்ளையும் தடையின்றி வந்து உட்காரும் இடம் எது? கருவிகளின் விலை ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவருகிறது. இந்த மூன்று விடைகளும் எந்தக் கடையிலும் கிடைக்காது, ஊர் கூடித்தான் எழுத வேண்டும். எழுதுவதற்கு உரிமை தர வேண்டியது அரசின் கடமை. கற்றுக்கொடுத்துத் துணை நிற்க வேண்டியது இங்கே அமர்ந்திருக்கும் நம் கடமை. அந்தக் கடமையை இந்த ஆண்டே, ஒரே ஒரு குக்கிராமத்தில் தொடங்க வேண்டும் என்று இந்த அவையைக் கேட்டுக்கொண்டு அமைகிறேன்.